பேடி என்று சொன்ன டாக்டர்

நெஞ்சு படபடத்து, விரல்கள் மரத்து, இதோ உயிர் போகப்போகிறது என்று கிடந்து எழுந்தவர்கள் இந்தச் சுற்றுவட்டாரத்தில் என்னைத் தவிர இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்கள் அதை வெளியே சொல்வதில்லை. நானும் சொல்லாமல்தான் இருந்தேன். மேற்கே மழை இறங்கி, வீட்டை விட்டு வெளியே போக வேலையில்லாத இந்த நாட்களில், அவர்களை நினைத்து இதை எழுதுகிறேன்.

நான் சர்வே இலாகாவில் இருந்து ஓய்வு பெற்றவன். போடிநாயக்கனூருக்கு மேற்கே மலைச்சரிவில் இருக்கும் ஏலத்தோட்டங்களில் பலவற்றை நான் சங்கிலி போட்டு அளந்திருக்கிறேன். எதையும் எண்ணாமல் விட எனக்கு வராது. கோயிலுக்குப் போனால் தூண்களை எண்ணுவேன். கல்யாணத்துக்குப் போனால் இலைகளை எண்ணுவேன். “சோத்துப் பருக்கையை எண்ணாததுதான் பாக்கி” என்பாள் என் மனைவி செல்லம்மாள்.

எங்களுக்குப் பிறந்தவர்கள் ஆறு பேர். இருப்பவர்கள் இரண்டு பேர். மகன் ரங்கூனில் இருக்கிறான். கடைசிப் பெண் பாக்கியத்தைப் போடிமெட்டுக்கு அப்பால் ஏலத்தோட்டம் வைத்திருக்கும் குடும்பத்தில் கொடுத்திருந்தோம். அவள் முதல் பிள்ளை உண்டாகியிருந்தாள். தலைப்பிரசவத்துக்குப் பெண்ணைத் தாய்வீட்டார் நேரில் போய் அழைத்து வர வேண்டும். அழைக்காமல் அவளாக இறங்கி வந்தால் அவளுக்கும் இளப்பம், எங்களுக்கும் இளப்பம். செல்லம்மாளுக்கு மூட்டுவலி, மலை ஏற மாட்டாள். ஆனி மழை பிடித்துவிட்டால் பாதை சறுக்கும். காட்டாறுகள் வழியை மறிக்கும். அதற்குள் நான் போயாக வேண்டும்.

பங்குனியில், அழைக்க நாள் குறித்து வருவதற்காக இரண்டு கூலியாட்களுடன் கிளம்பினேன். அடிவாரத்து ஊரான முந்தல் தாண்டிப் பாதை ஏறத் தொடங்கும். பாதிக்கு மேல் ஒரு திருப்பத்தில் கீழே பள்ளத்தாக்கு முழுவதும் தெரியும். எத்தனையோ முறை நின்று மூச்சு வாங்கிய இடம். அன்று அங்கே நின்றபோது, நெஞ்சுக்குள் யாரோ கதவைத் தட்டியதுபோல் இரண்டு தட்டு. பிறகு தட்டல் நிற்கவில்லை. தொண்டையில் முழு நெல்லிக்காயை விழுங்கினாற்போல் அடைத்தது. எவ்வளவு மூச்சு இழுத்தாலும் போதவில்லை. உதட்டைச் சுற்றி எறும்பு ஊர்ந்தது. விரல்கள் மடங்கி விறைத்தன. பள்ளத்தாக்கு தூரத்துப் படம்போல் ஆகிவிட்டது. சாவு இப்படித்தான் வரும்போலும் என்று நினைத்துப் பாதையிலேயே உட்கார்ந்துவிட்டேன். கூலியாட்கள் என்னைக் கம்பளியில் தூளி கட்டிக் கீழே தூக்கி வந்தார்கள். அடிவாரம் வந்து சேருமுன் எல்லாம் தானாக அடங்கியிருந்தது. அதுவே எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

அதன்பிறகு பையில் இருந்த கடிகாரமும் மணிக்கட்டில் வைத்த விரலுமாக வாழ்ந்தேன். நாடி எழுபத்தெட்டு என்றால் ஏன் எழுபத்திரண்டு இல்லை என்று கவலை. கவலைப்பட்டு மறுபடி எண்ணினால் தொண்ணூறு. வைத்தியர் வாயு என்றார், லேகியம் கொடுத்தார். லேகியம் தித்தித்தது, அவ்வளவுதான். முதலில் மலைப்பக்கம் போவதை நிறுத்தினேன். பிறகு சந்தைக்கு. பிறகு கோயிலுக்கு. இந்த நோயின் தந்திரம் இதுதான். ஓர் இடத்துக்குப் போகாமல் இருந்தால் சற்று நிம்மதி தரும். அந்த நிம்மதிக்குக் கூலியாக அடுத்த இடத்தைப் பிடுங்கிக்கொள்ளும். சித்திரை பிறந்தபோது எனக்கு மிச்சம் இருந்தது கட்டிலும் கொல்லைப்புறமும்தான்.

மாப்பிள்ளை வீட்டிலிருந்து ஆள் வந்தான். வாசலில் நின்றபடியே சொன்னான்: “பெரியம்மா கேட்டு வரச் சொன்னாக. தாய்வீட்டுல ஆளு இருக்கா இல்லையான்னு. பாக்கியந்தான் பாவங்க. அதுபாட்டுக்கு மூலையில உக்காந்திருக்கு.”

அவன் போனதும் செல்லம்மாள் என் முன்னால் வந்து நின்றாள்.

“இந்தாங்க. ஆஸ்பத்திரிக்கு வர்றீகளா, இல்ல நான் இந்த முட்டியோட தவழ்ந்து மலை ஏறவா?”

“ஆஸ்பத்திரிக்குப் போனவன் திரும்புவானா?”

“நீங்க இங்கன இருந்து மட்டும் என்னத்தத் திரும்பினீக? வண்டி கட்டியாச்சு. வெரசாக் கெளம்புங்க.”

சர்க்கார் ஆஸ்பத்திரி என்பது ஓடு வேய்ந்த ஒரு நீண்ட கட்டடம். முன்னால் தாழ்வாரத்தில் பெஞ்சு. மலைக் காய்ச்சலில் நடுங்குகிறவர்கள், அட்டை கடித்துப் புண் ஆறாதவர்கள், இருமுகிற குழந்தைகள் எல்லாரும் அதில் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். மருந்துக்குச் சீசா நாமே கொண்டுபோக வேண்டும். செல்லம்மாள் நல்லெண்ணெய்ச் சீசாவைச் சாம்பல் போட்டுத் தேய்த்து மடியில் வைத்திருந்தாள். வரிசையில் பதினோரு பேர் எங்களுக்கு முன்னால். அவர்களில் யாராவது செத்துப்போனால் எனக்குத் தாங்காது என்று தோன்றியது. யாரும் சாகவில்லை.

டாக்டர் மலையாள தேசத்துக்காரர். மெலிந்தவர், நாற்பது வயதுக்குள். ஜெர்மன் சண்டையில் பட்டாளத்து வைத்தியராகக் கடல் கடந்து போய் வந்தவர் என்று சொன்னார்கள். அவருடைய தமிழில் பாதி மலையாளம். நாக்கைப் பார்த்தார். கண் இமையை இழுத்துப் பார்த்தார். நெஞ்சில் ஒரு விரலை வைத்து இன்னொரு விரலால் பலாப்பழத்தைத் தட்டுவதுபோல் தட்டிக் கேட்டார். ரப்பர்க் குழாயைக் காதில் மாட்டி நெஞ்சிலும் முதுகிலும் வைத்துக் கேட்டார். மூத்திரத்தைக் கண்ணாடிக் குழாயில் ஊற்றி விளக்கில் காய்ச்சினார். இருதயமோ சிறுநீரகமோ கெட்டிருந்தால் அது முட்டை வெண்கரு மாதிரி திரியுமாம். திரியவில்லை. தாழ்வாரத்துப் படியில் என்னை ஏறி இறங்கச் சொல்லி மறுபடி கேட்டார்.

“குறச்சு திவசம் இவிடே கிடக்கணும். பாத்துட்டுச் சொல்லாம்” என்றார். சில நாள் கிடக்க வேண்டும் என்பதாகப் புரிந்துகொண்டேன்.

உள்ளே ஆறு கட்டில்கள். பக்கத்துக் கட்டிலில் ஒரு ராவுத்தர் கால் முறிந்து, மூங்கில் பத்தை கட்டிக் கிடந்தார். மெட்டுக்கு மேலே தோட்டம் தோட்டமாக ஏலக்காய் வாங்கிப் பொதிமாட்டில் இறக்கி விற்பவர். மாடு சறுக்கி இவர்மேல் விழுந்துவிட்டதாம்.

“வாங்கண்ணே வாங்க. உங்களுக்கு என்ன ஒடஞ்சிருக்கு?”

“நெஞ்சு” என்றேன்.

“அதுக்குப் பத்தை கட்ட மாட்டாங்களே!” என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இந்த மனிதருக்குப் பக்கத்திலா சாகவேண்டும் என்றுதான் இருந்தது.

இரவுகளைப் பற்றி அதிகம் எழுத மாட்டேன். கார்பாலிக் வாசனையும் பக்கத்துக் கட்டில்காரர்களின் மூச்சும் என் நாடியும்தான் இருக்கும். செல்லம்மாள் பகல் முழுவதும் இருப்பாள். கஞ்சியை ஆற்றி, தான் ஒரு மடக்குக் குடித்துப் பார்த்துவிட்டுத் தருவாள். நான் கடிகாரத்தை எடுக்கும்போதெல்லாம் எதையாவது கேட்டு என் கணக்கைக் கலைப்பாள். வேண்டுமென்றே செய்கிறாள் என்று வெகு நாள் எனக்குத் தெரியவில்லை.

நான்காம் நாள் காலை டாக்டர் என் கட்டிலில் உட்கார்ந்தார். செல்லம்மாள் எழுந்து நின்றாள். ராவுத்தர் தலையணையை முட்டுக் கொடுத்து நிமிர்ந்தார்.

“சர்வேயரே, ஹ்ருதயத்துக்கு ஒரு கேடும் இல்ல. நல்ல பலமான ஹ்ருதயம். சர்வேயர்க்குப் பேடியாணு. பேடி மாத்ரம்.”

எனக்குக் காது அடைத்தது. பேடி! ஆண்மை இல்லாதவன், கோழை! ஊரில் ஒருவன் இன்னொருவனைப் பார்த்து இந்தச் சொல்லைச் சொன்னால் அரிவாள் எடுப்பார்கள். ஆறு பேர் படுக்கிற இடத்தில், என் மனைவி முன்னால்! நான் போர்வையை உதறி எழுந்தேன். அதற்குள் செல்லம்மாள் முந்திக்கொண்டாள்.

“யாரப் பாத்துப் பேடிங்கறீக? ஆறு பிள்ள பெத்தவுகய்யா இவுக! நான் சாச்சி! படிச்சவரு பேசுற பேச்சா இது?”

டாக்டர் திகைத்துப்போய், “ஆறு குட்டிகளா? நல்லது… நல்லது” என்றார். பெற்ற பிள்ளைகளைக் குட்டிகள் என்றது எரிகிற நெருப்பில் எண்ணெய் வார்த்தது. “சீசாவ எடுங்க, போவோம்!” என்று செல்லம்மாள் மூட்டையைக் கட்டினாள்.

ராவுத்தர் சிரிக்கத் தொடங்கினார். சிரிப்பில் கால் அசைந்து, “யா அல்லா, வலிக்குதே!” என்று அலறி, மறுபடி சிரித்தார்.

“ஆத்தா, உக்காரு ஆத்தா. அண்ணே, நீங்களும் உக்காருங்க. மலையாளத்துல பேடின்னா பயம். வெறும் பயம். வேற ஒண்ணுமே இல்ல.”

நான் நம்பவில்லை.

“அண்ணே, நம்ம பக்கம் பேடின்னா ஆளு. அந்தப் பக்கம் பேடின்னா ஆளு இல்ல, ஆளுக்கு வர்றது. மேல தோட்டத்துல ஒருத்தன் இருக்கான். ஒத்தையில நின்னு கரடிய வெரட்டினவன். அவனே இடி இடிச்சா ‘எனிக்குப் பேடியாணு’ம்பான். எனக்குப் பசிக்குதுங்கற மாதிரி. யாரும் சிரிக்க மாட்டாங்க. டாக்டரய்யா ‘சர்வேயர்க்கு’ன்னு ‘க்கு’ போட்டாரா இல்லையா? நீங்கதான இலக்கணம் படிச்சவுக!”

போட்டிருந்தார். ‘சர்வேயர் பேடி’ என்று அவர் சொல்லவில்லை. ‘சர்வேயர்க்கு’ என்றுதான் சொன்னார். நான்காம் வேற்றுமை. பள்ளிக்கூடத்தில் பிரம்படி வாங்கிப் படித்த உருபு. அந்த ஓர் எழுத்தைக் காதில் வாங்காமல் அரிவாள் எடுக்கும் கோபம் கொண்டிருந்தேன். மலையின் இந்தச் சரிவில் இறங்கினால் வசவு. அந்தச் சரிவில் இறங்கினால் ஓர் உடல்நிலை. இரண்டு சரிவுகளையும் அளந்தவன் நான், இது எனக்குத் தெரியாது. கட்டிலில் உட்கார்ந்தேன். நான் பயங்கொள்ளி என்பதும் எனக்குப் பயம் வந்திருக்கிறது என்பதும் ஒன்றல்ல என்பதை அன்று முதல் முறையாக யோசித்தேன். வந்தது என்றால் போகவும் கூடும்.

விஷயம் புரிந்ததும் டாக்டர் கைகூப்பி மன்னிப்புக் கேட்டார். செல்லம்மாளுக்கு வெட்கம் தாங்கவில்லை. முந்தானையால் வாயை மூடிக்கொண்டு, “நான் வேற சாச்சி சொல்லிப்புட்டேனே” என்றாள்.

பிறகு டாக்டர் பொறுமையாக விளக்கினார். அதை என் தமிழில் தருகிறேன். தேவாரம் ஊர்ப் பக்கம் வயலில் யானை புகுந்தால் காவல்காரன் என்ன செய்வான்? ஓடுவான். ஓடுவதற்குக் காலில் ரத்தம் வேண்டும். அதனால் இருதயம் விரைகிறது, மூச்சு கூடுகிறது, கை ஜில்லிடுகிறது. மூச்சை அளவுக்கு மேல் இழுத்தால் உதடும் விரலும் மரக்கும், தலை சுற்றும். இது நோய் அல்ல, உடம்பு நம்மைக் காப்பாற்ற வைத்திருக்கும் ஏற்பாடு. யானை இல்லாதபோதும் அந்த ஏற்பாடு கிளம்பிவிட்டால், அதுதான் என் நோய். “பட்டாளத்தில் மெடல் வாங்கிய சிப்பாய்க்கும் கண்டிருக்கு” என்றார். மருந்தாக புரோமைடு எழுதிக் கொடுத்தார். அது உறக்கத்துக்கு மட்டும் உதவும் என்றும் சொன்னார்.

“ஆதியில் இது வந்தப்போ, மனசில் என்ன நினைச்சு?” என்று கேட்டார்.

“ஒன்றும் இல்லை” என்றேன்.

செல்லம்மாள் கஞ்சிச் செம்பைக் கழுவப் போனவள், திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்: “மூத்தவளையும் இப்பிடித்தான் தலப்பிரசவத்துக்குக் கூட்டியாந்தோம், டாக்டரய்யா. இவுகதான் போய் அழச்சுக்கிட்டு வந்தாக.”

செம்போடு கிணற்றடிக்கு நடந்தாள். மூத்தவளும் பிள்ளையும் அந்தப் பிரசவத்தில் எங்கள் வீட்டிலேயே போனார்கள். நாங்கள் இருவரும் அதைப் பற்றிப் பேசியதே இல்லை. அந்தத் திருப்பத்தில் நின்று கீழே பார்த்தபோது எங்கள் வீட்டு ஓட்டைத்தான் நான் தேடியிருந்தேன் என்பது அப்போது நினைவுக்கு வந்தது.

மறுநாள் சம்பவத்தைத்தான் நான் முக்கியமாக எழுத நினைத்தேன். காலையில் கிணற்றடிவரை நடந்து வரச் சொன்னார்கள். பாதி வழியில் அது வந்துவிட்டது. தட்டு, அடைப்பு, எறும்பு, எல்லாம் வரிசையாக. தாழ்வாரத்தில் சாய்ந்துவிட்டேன். டாக்டர் ஓடிவந்து நாடி பார்த்தார். பிறகு ஒருவரும் எதிர்பார்க்காத ஒரு காரியம் செய்தார். தன் காதில் இருந்த குழாயைக் கழற்றி என் காதில் மாட்டி, அதன் முனையை என் நெஞ்சில் வைத்தார்.

“கேக்கு. ஒண்ணும் செய்யண்டா. கேட்டால் மதி.” ஒன்றும் செய்ய வேண்டாம், கேட்டாலே போதும் என்கிறார்.

எனக்குள் இவ்வளவு பெரிய சத்தம் இருக்கும் என்று நான் நினைத்ததில்லை. மழையில் காட்டாறு வரும்போது உள்ளே பாறைகள் உருளும் ஓசை கேட்டிருக்கிறீர்களா? அதுபோல. ஒவ்வொரு துடிப்பும் இரண்டு பாகம். ஒரு கதவு சாத்தி இன்னொரு கதவு சாத்துகிறது. இடையில் ஒரு மயிரிழை மௌனம். இது முறிந்த பொருளின் சத்தம் அல்ல என்று என் காதே எனக்குச் சொல்லிற்று. உடைந்த சக்கரம் எப்படிச் சத்தமிடும் என்று எனக்குத் தெரியும். இது எனக்காகத் தலைதெறிக்க ஓடும் ஒரு பலமான மிருகம். நான் அம்மாவின் வயிற்றில் எண் தெரியாமல் கிடந்தபோதே ஓடத் தொடங்கியது. என் நான்கு பிள்ளைகளையும் மண்ணில் வைத்துவிட்டு நான் நின்ற ஒவ்வொரு தடவையும் இது நிற்காமல் ஓடியிருக்கிறது.

எண்ணத் தொடங்கினேன். கணக்குத் தவறிப்போயிற்று. மறுபடி தொடங்கவில்லை.

ஓட்டம் இன்னும் கூடியது. இனிமேல் கூட இடமில்லை என்று தோன்றிய இடத்தில் சற்று நேரம் அப்படியே நின்றது. பிறகு குறையத் தொடங்கியது. நான் ஒன்றும் செய்யவில்லை. மருந்து விழுங்கவில்லை, படுக்கவில்லை, சாமியைக்கூடக் கூப்பிடவில்லை. துடிப்புக்கும் துடிப்புக்கும் நடுவிலிருந்த மௌனம் கொஞ்சம் கொஞ்சமாக அகன்றது. கடைசியில் மாடு அசை போடுவதுபோல் நிதானமாக ஆயிற்று. பயத்துக்கு ஓர் உச்சி உண்டு. அந்த உச்சியில் நான் எப்போதும் கண்ணை மூடிக்கொண்டோ ஓடிக்கொண்டோ இருந்ததால், அதற்கு அந்தப் பக்கம் இறக்கம் இருப்பது தெரியாமல் போயிற்று. குழாயைக் கழற்றியபோது என் கன்னம் நனைந்திருந்தது.

ராவுத்தர் உள்ளேயிருந்து கத்தினார்: “என்னண்ணே கேட்டுச்சு? எனக்கும் ஒருக்காக் குடுக்கச் சொல்லுங்க!” டாக்டர் அவருக்கும் கொடுத்தார். அந்த வாயாடி மனிதர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். கழற்றிக் கொடுத்துவிட்டு, “அல்லாவோட சோலிய நாம ஒட்டுக்கேக்கக் கூடாது” என்றார் மெல்ல.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த பிறகும் அது வரத்தான் செய்தது. சந்தையில் வந்தது, கோயிலில் வந்தது. வந்தால் ஓரமாக நிற்பேன், இருந்துவிட்டுப் போகும். வைகாசிக் கடைசியில் மேற்கே மேகம் கறுத்தது. நான் டோலியும் நான்கு ஆட்களும் பேசிக்கொண்டு கிளம்பினேன். செல்லம்மாள் வாசல்வரை வந்தாள். “பாத்து வாங்க” என்று சொல்லவில்லை. “ரெண்டு பேரும் வாங்க” என்றாள்.

அந்தத் திருப்பத்தில் வந்தது. பெரிதாகவே வந்தது. பாறையில் உட்கார்ந்தேன். இந்த முறை கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு எங்கள் வீட்டு ஓட்டைத் தேடினேன். தெரியவில்லை, அவ்வளவு தூரத்தில் தெரிய வாய்ப்பே இல்லை. ஆட்கள் ஒரு வெற்றிலை போட்டு முடிப்பதற்குள் இறக்கம் வந்துவிட்டது. மெட்டுக்கு அப்பால் பனிமூட்டம். பெரிய மரங்களின் நிழலில் ஏலச்செடிகள் தலைக்குமேல் வளர்ந்திருந்தன.

சம்பந்தியம்மாள் கொஞ்சம் முறுக்கிக்கொண்டு, காப்பி கொடுத்தாள். அழைக்கும் முறைப்படி பூவும் பழமும் புடவையும் தட்டில் வைத்து அழைத்தேன். பாக்கியம் மூட்டை கட்டி முடித்துவிட்டு, யாரும் இல்லாத நேரம் பார்த்து என் பக்கத்தில் வந்து நின்றாள். வயிறு இறங்கியிருந்தது. முகம் வெளிறியிருந்தது.

“அப்பா, எனக்குப் பயமா இருக்கு. அக்காவ நெனச்சுக்கிட்டே இருக்கேன்.”

முன்பு என்றால், “சீ, அசடு, பயப்பட என்ன இருக்கிறது?” என்று அதட்டியிருப்பேன். தகப்பன்மார் அப்படித்தான் சொல்வோம்.

“எனக்கும் வந்துச்சு ஆத்தா. வழியெல்லாம் வந்துச்சு” என்றேன். “வந்தா இருந்துட்டுப் போவும். அது வர்றதுனால நாம நிக்க வேண்டியதில்ல.”

அவள் என்னைப் பார்த்த பார்வையை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. அப்பாவுக்கும் வருமா என்று அதுவரை அவள் நினைத்ததே இல்லை.

மறுநாள் விடிந்ததும் இறங்கினோம். தூறல் தொடங்கிவிட்டது. அவள் டோலியில், நான் டோலிக் கம்பைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில். சரிவு செங்குத்தாக இறங்கும் இடத்தில் நான் பேச்சை நிறுத்தியதைப் பார்த்து, அவள் திரைக்குள்ளிருந்து கேட்டாள்:

“வந்திருச்சாப்பா?”

“வந்திருச்சு. உனக்கு?”

“எனக்கும் வந்திருச்சு.”

முன்னால் தூக்கிக்கொண்டு போனவர் சட்டென்று நின்று, மரங்களுக்குள் கூர்ந்து பார்த்தார். “யாரு தாயி வந்திருக்கறது?”

பாக்கியம் அழுகையும் சிரிப்புமாகச் சொன்னாள்: “தெரிஞ்ச ஆளுதாண்ணே. நீங்க நடங்க.”